தீபாவளி போனஸ் முதல் காணும் பொங்கல் வரை... குடிக்கும் ஒரு காலண்டர் உண்டு! குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

ஒவ்வொரு தீபாவளிக்கு மறுநாளும் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. ‘டாஸ்மாக்கில் இத்தனை கோடிக்கு விற்பனை’ என்பதுதான் அது. 2023 தீபாவளியின்போது இரண்டு நாள்களில் சுமார் 467 கோடி ரூபாய் என்றும், 2025 தீபாவளியின்போது மூன்று நாள்களில் சுமார் 790 கோடி ரூபாய் என்றும் செய்திகள் வெளியாகின. எந்த மண்டலம் முதலிடம், எந்த மண்டலம் கடைசி இடம் என்று பள்ளித் தேர்வு முடிவு போலப் பட்டியலும் வரும். மீம்ஸ் பறக்கும். இரண்டு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அந்த நாள்களில் எத்தனை பேர் நெஞ்சுப் படபடப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள், எத்தனை பைக்குகள் சென்டர் மீடியனில் மோதின, எத்தனை பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டில் படுத்தார்கள் என்ற கணக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. இத்தனைக்கும் இவையெல்லாம் திடீரென்று வருபவை அல்ல. குடி எப்போது கூடும், எப்போது குறையும் என்பதற்கு ஏறக்குறைய ஒரு காலண்டரே இருக்கிறது. குடி கூடும் நாள்களில் அதனால் வரும் பாதிப்பும் சேர்ந்தே கூடுகிறது.

கையில் காசு, கூடவே லீவு!

குடியின் காலண்டரைத் தீர்மானிப்பவை இரண்டு. கையில் பணம், அடுத்த நாள் விடுமுறை. இரண்டும் ஒன்றாகச் சேரும் நாள்தான் தீபாவளி.

போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவிகிதம், அதிகபட்சம் 20 சதவிகிதம் போனஸ் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது கணக்கு. மார்ச்சில் ஆண்டு முடிகிறது என்றால், நவம்பர் இறுதிதான் கெடு. எனவே, பெரும்பாலான இடங்களில் தீபாவளியை ஒட்டியே போனஸ் வந்துவிடுகிறது. திருப்பூரிலும் சிவகாசியிலும் சென்னையின் தொழிற்பேட்டைகளிலும் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுகிறார்கள். ஊரில் நண்பர்கள் காத்திருக்கிறார்கள். சொல்லவா வேண்டும்?

அதற்கடுத்து டிசம்பர் 31. பிறகு போகி, பொங்கல், காணும் பொங்கல். பங்குனி, சித்திரையில் ஊர்த் திருவிழாக்கள். ஏப்ரல், மேயில் வெயிலோடு பீர். ஆடியில் கோயில் கொடை, கிடா விருந்து. இதற்கு நடுவே முகூர்த்த நாள்கள், மாதம் பிறந்ததும் சம்பள நாள், வாரம் தவறாமல் சனிக்கிழமை.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரியதல்ல. கேரளாவில் ஓணத்தை ஒட்டிய பத்து நாள் மது விற்பனை, 2025-ல் 800 கோடி ரூபாயைத் தாண்டியது. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ், தாய்லாந்தில் சோங்ரான் என்று ஊருக்கு ஒரு ‘சீசன்’.

தமிழ்நாட்டு அரசுக்கு டாஸ்மாக் மூலம் வந்த வரி வருவாய் 2021-22-ல் சுமார் 36,050 கோடி ரூபாய். 2024-25-ல் அது சுமார் 48,344 கோடி. இந்த வருமானத்துக்குப் பண்டிகைகள் எவ்வளவு முக்கியம் என்பது கடைகளுக்குத் தெரியும். பண்டிகைக்கு முன்பே சரக்கு கூடுதலாக வந்து இறங்கிவிடுகிறது. அதே தேதிகளுக்கு வீடும் மருத்துவமனையும் காவல்துறையும் எந்த அளவுக்குத் தயாராகின்றன என்பதுதான் கேள்வி.

ஒரு குவாட்டர் என்பது எவ்வளவு?

‘எப்பவாவது பண்டிகைக்குத்தானே... ஒரே ஒரு குவாட்டர்தானே’ என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்தக் குவாட்டரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் ஆல்கஹால் அளவு 42.8 சதவிகிதம் என்று அச்சிடப்பட்டிருக்கும். அதாவது, ஒரு குவாட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை, ‘ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பது’ என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆக, நம் ஊரில் ‘கொஞ்சம்’ என்று சொல்லப்படும் ஒரு குவாட்டரே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது.

‘பீர்தானே’ என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவிகிதம் என்று கொண்டால் சுமார் 40 கிராம். இரண்டு பாட்டில் உள்ளே போனால் ஒரு குவாட்டரைத் தாண்டியாயிற்று.

கல்லீரலுக்குப் பண்டிகை தெரியாது. அது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கழிக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, பிளாக் காபி, தலையில் தண்ணீர் என்று எதைச் செய்தாலும் இந்த வேகம் கூடாது. முந்தின நாள் இரவு 11 மணிக்கு ஒரு குவாட்டர் குடித்தவரின் ரத்தத்தில், விடியற்காலை 4 மணிக்கு கங்கா ஸ்நானம் செய்யும்போதும் ஆல்கஹால் மிச்சம் இருக்கும். அரை பாட்டில் குடித்தவருக்கு மறுநாள் காலை 10 மணிக்குக்கூட இருக்கலாம். ‘தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சிடுச்சு’ என்று வண்டிச் சாவியை எடுப்பது அதனால்தான் ஆபத்து.

விடுமுறையில் துடிக்கும் இதயம்

பண்டிகைக் குடிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் பெயர் வைத்தே அழைக்கிறது. ‘ஹாலிடே ஹார்ட் சிண்ட்ரோம்’. 1978-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த பிலிப் எட்டிங்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வைத்த பெயர் இது. வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, தாறுமாறான இதயத் துடிப்போடு வந்த 24 நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதினார்கள். இவர்களில் பலருக்கு ஏற்பட்டது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலை அது.

பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். சிலருக்கு அப்படி ஆவதில்லை. மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதுவரை இதய நோயே இல்லாதவருக்கும் இது வரலாம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. குடித்த இரவோ மறுநாளோ படபடப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல், நெஞ்சு இறுக்கம் வந்தால் ‘கேஸ்’ என்று சொல்லி சோடா கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது. ஒரு இ.சி.ஜி எடுத்தால் தெரிந்துவிடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இன்னோர் ஆபத்து. வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, உளறல், தள்ளாட்டம் எல்லாமே போதை போலவே இருப்பதால், ‘தூங்கினா சரியாயிடும்’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வெயிலில் பீர், குளிரில் பிராந்தி!

கோடையில் பீர் உடம்பைக் குளிர்ச்சியாக்கும் என்பது பலரின் நம்பிக்கை. உண்மை நேரெதிர். உடம்பில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. அதனால்தான் பீர் குடித்தால் அடிக்கடி சிறுநீர் போகிறது. கத்திரி வெயிலில் ஏற்கெனவே வியர்வையில் நீரை இழந்துகொண்டிருக்கும் உடம்பு, இப்படியும் நீரை இழக்கிறது. கட்டட வேலை, சுமை தூக்கும் வேலை, வயல் வேலை செய்பவர்கள் மதியம் பீர் குடித்துவிட்டு மறுபடி வெயிலில் இறங்குவது ஹீட் ஸ்ட்ரோக்குக்கு வழிவிடும்.

குளிரிலும் கதை இதேதான். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் ‘குளிருக்கு இதமா’ என்று பிராந்தி குடிப்பார்கள். ஆல்கஹால் தோலில் உள்ள ரத்தக்குழாய்களை விரிக்கிறது. தோலுக்கு அதிக ரத்தம் வருவதால் கதகதப்பாகத் தோன்றும். அதே வழியாக உடம்பின் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். போதையில் வெளியே படுத்துத் தூங்கிவிட்டால் உடல் வெப்பநிலை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

சாலை, தண்ணீர், பட்டாசு

சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம். 2022-ல் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். விபத்துகளின் காரணங்களைப் பார்த்தால், ‘அதிவேகம்’ என்பதே மிகப் பெரும்பாலானவற்றில் எழுதப்பட்டிருக்கும். தேசிய அளவில் 2022-ல் நடந்த சாலை மரணங்களில் பத்தில் ஏழு அந்தத் தலைப்பின்கீழ் வருகின்றன. அந்த வேகத்துக்குக் காரணம் போதையா என்பது பதிவேட்டில் தெரியாது. இறந்தவருக்கு ஆல்கஹால் இருந்தது என்று எழுதினால் இன்ஷூரன்ஸ் பணம் சிக்கலாகுமோ என்ற பயம் குடும்பத்துக்கும் இருக்கும்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. முதல்முறை சிக்கினால் 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்தமுறை 15,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள் வரை சிறை. டிசம்பர் 31 இரவு சென்னையில் மேம்பாலங்களை மூடுவதும், கடலில் இறங்கத் தடை போடுவதும், தெருவுக்குத் தெரு சோதனை நடத்துவதும் இந்தக் காலண்டரைக் காவல்துறை படித்து வைத்திருப்பதன் அடையாளம். ஆனால், சொந்த ஊரில் தீபாவளிக்கு முந்தின இரவு, ஒரே பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் போகும் கிராமத்துச் சாலையில் அப்படிச் சோதனை இருப்பதில்லை.

காணும் பொங்கலிலும் ஆடிப்பெருக்கிலும் ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. நீச்சல் தெரிந்தவர்தான் தைரியமாகக் குதிப்பார். போதையில் ஆழமும் தெரியாது, மூச்சை அடக்கும் நிதானமும் இருக்காது. தீபாவளியில் பட்டாசு. வெடிக்காத அணுகுண்டைக் குனிந்து பார்ப்பது, ராக்கெட்டைக் கையில் பிடித்து விடுவது போன்ற விளையாட்டுகளில் பாதி போதையில் நடப்பவை. பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கும் சேர்த்தே காயம்.

வீட்டுக்குள் நடப்பது

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நான்கில் ஒருவர் மது குடிப்பவர். பெண்களில் 0.3 சதவிகிதம்தான். குடிப்பவர் ஒருவர், அதன் விளைவை அனுபவிப்பவர் இன்னொருவர் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

அதே ஆய்வில் இன்னொரு தகவல் உண்டு. இந்திய அளவில், அடிக்கடி போதையாகும் கணவர்களைக் கொண்ட மனைவிகளில் 70 சதவிகிதம் பேர் உடல்ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். கணவர் குடிக்காத வீடுகளில் அது 23 சதவிகிதம்.

பண்டிகை நாள் இந்த வீடுகளில் எப்படி விடிகிறது? போனஸ் வந்த தகவல் மனைவிக்குத் தெரியும் முன்பே பாதி கரைந்திருக்கும். பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டிய துணி, சீட்டுக் கட்ட வேண்டிய பணம், பள்ளிக் கட்டணம் என்று கேட்கும்போது சண்டை தொடங்கும். மாமியார் வீடு, அண்ணன் தம்பிகள் என்று கூட்டம் சேர்ந்திருக்கும்போது பழைய கணக்குகளும் கிளம்பும். ‘நல்ல நாள் அதுவுமா எதுக்குப் பிரச்னை’ என்று பெண்களையே அமைதியாக இருக்கச் சொல்வார்கள். புத்தாடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளை, அப்பா எந்த நிலையில் வருவார் என்று தெரு முனையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கடை மூடும் நாளுக்கு முந்தின நாள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு நாள்கள் மதுக்கடைகளுக்கு விடுமுறை. திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகியவையே அவை. பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். அதிகம் குடிக்கும் நாள்களான தீபாவளியும் டிசம்பர் 31-ம் இதில் இல்லை. மாட்டுப் பொங்கலை ஒட்டி வரும் திருவள்ளுவர் தினம் ஒன்றுதான் பெரிய பண்டிகைக்கு நடுவில் வரும் விடுமுறை.

அதற்கும் மாற்று வைத்திருக்கிறார்கள். முந்தின நாளே இரண்டு நாளுக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். வீட்டில் பாட்டில் இருந்தால் ‘நாளைக்கு’ என்று வைத்தது இன்றே காலியாகும். மூடிய நாளில் கூடுதல் விலைக்குப் பெட்டிக்கடை ஓரத்தில் கிடைக்கும். கள்ளச்சாராயத்துக்கு இப்படி நாள் கணக்கு கிடையாது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியானார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாட்டிலை எந்த நாளிலும் தொடக் கூடாது என்பதே அந்தச் சாவுகள் சொல்லும் பாடம்.

மாலை போடும் மாதம்

இந்தக் காலண்டரில் நல்ல பக்கமும் ஒன்று உண்டு. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டு, 41 நாள் சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பவர்கள் ஏராளம். தைப்பூசத்துக்குப் பழநி நடைப்பயணம், ஈஸ்டருக்கு முன் 40 நாள் தவக்காலம், ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள்கள் என எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். ‘என்னால நிறுத்தவே முடியாது’ என்றவர்தான் ஒன்றரை மாதம் நிறுத்திக் காட்டுகிறார். அந்த வீட்டில் அந்த ஒன்றரை மாதமும் நிம்மதி.

இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, நிறுத்தும் நாள். தினமும், அதுவும் காலையிலேயே குடிக்கும் அளவுக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. சில மணி நேரங்களில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத பூச்சி, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவதும், நேரம் காலம் தெரியாமல் உளறுவதும் ஏற்படலாம். இதற்கு ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்று பெயர். சாமி குத்தம், காத்து கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போனால் உயிரே போகலாம். 2020 ஊரடங்கில் கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது இதன் கடுமையை எல்லோரும் பார்த்தார்கள். ஷேவிங் லோஷனையும் வார்னிஷையும் குடித்து இறந்தவர்கள் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டிலேயே வந்தன. எனவே, கடுமையாகக் குடிப்பவர் மாலை போடும் முன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டி, மருந்தின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

இரண்டாவது, மாலையைக் கழற்றும் நாள். கார்த்திகை முதல் தேதியில் போட்ட மாலை, டிசம்பர் கடைசியில் மண்டல பூஜையோடு இறங்கும். மகரஜோதிக்குப் போகிறவர்களுக்கு ஜனவரி நடுவில். அதாவது, விரதம் முடியும் நாள் புத்தாண்டிலும் பொங்கலிலும் போய் இடிக்கிறது. 41 நாள் ஓய்வில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே குடித்தால் போதை பல மடங்கு ஏறும். ‘சாமி கும்பிட்டு வந்தாச்சு, இனிமே ஃப்ரீ’ என்று நண்பர்கள் அழைக்கும் அந்த வாரத்தைக் குடும்பம் முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

தாய்லாந்து எப்படிச் செய்கிறது?

நம் சித்திரைப் புத்தாண்டு நேரத்தில்தான் தாய்லாந்தில் சோங்ரான் வருகிறது. ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும், தண்ணீர் ஊற்றி விளையாடும், குடிக்கும். அந்த ஒரு வாரத்தை அங்கே ‘ஆபத்தான ஏழு நாள்கள்’ என்றே சொல்கிறார்கள். தினமும் எத்தனை விபத்து, எத்தனை மரணம், அதில் குடித்துவிட்டு ஓட்டியது எத்தனை என்று அரசு அறிவிக்கிறது. ஏழு நாளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த ஆண்டுகள் உண்டு. எண்ணிக்கை இன்னும் பெரிதாகவே இருந்தாலும், அது மக்கள் கண்முன் இருக்கிறது.

அதே நாட்டில், மழைக்காலத்தில் வரும் மூன்று மாத பௌத்த விரத காலத்தைப் பயன்படுத்தி, ‘இந்த மூன்று மாதம் குடிக்காதீர்கள்’ என்ற பிரசாரத்தை 2003 முதல் நடத்துகிறார்கள். மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் விரதத்தைப் பொதுச் சுகாதாரம் கையில் எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் 2013-ல் தொடங்கிய ‘டிரை ஜனவரி’யும் ஒரு மாத விரதம்தான். கார்த்திகை விரதம் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்நாட்டில், அதை மருத்துவ உதவியோடும் ஆலோசனையோடும் இணைக்கும் முயற்சி தொடங்கினால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பண்டிகைக்கு முன்... ஒரு குடும்ப செக் லிஸ்ட்!

* பணம்: போனஸ் வரும் முன்பே துணி, சீட்டு, பள்ளிக் கட்டணம், கடன் என்று கணக்குப் போட்டு, இருவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளுங்கள். போதையில் இருக்கும்போது பணப் பேச்சை எடுக்க வேண்டாம். காலையில் தெளிந்த நேரத்தில் பேசுங்கள்.

* வண்டி: மாலையிலேயே சாவியைக் குடிக்காத ஒருவர் வாங்கி வைத்துவிடட்டும். மறுநாள் காலைப் பயணத்துக்கும் இது பொருந்தும்.

* பட்டாசு, குளியல்: குழந்தைகளுடன் இருப்பவர் குடிக்காதவராக இருக்க வேண்டும். ஆறு, குளம், கடலுக்கும் இதே விதி.

* மயங்கிக் கிடந்தால்: மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 108.

* மாத்திரை: குடித்தவருக்குத் தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு நிற்கலாம்.

* அடி, மிரட்டல்: நல்ல நாள் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசர உதவிக்கு 112. போக வேண்டிய வீடு எது, யாரிடம் சொல்வது என்பதை முன்பே முடிவு செய்து, ஆதார், வங்கிப் புத்தகம், மருந்துகளை ஒரு பையில் வைத்திருங்கள்.

* சிகிச்சை: மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. கள்ளச்சாராயப் புகாருக்கு 10581. அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் 2025-ல் தொடங்கப்பட்டிருக்கின்றன. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. குடும்பத்தினருக்கு ‘அல்-அனான்’ கூட்டங்களும் தனியாக உண்டு.

சென்னையில் 1980-ல் போதை மீட்பு மையம் ஒன்றைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், மதுப் பழக்கத்தால் கணவரை இழந்தவர். குடி என்பது ஒழுக்கக் கேடு என்று மட்டுமே பேசப்பட்ட காலத்தில், அதை நோயாகப் பார்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்றும், குடும்பத்தினருக்கும் சேர்த்தே ஆலோசனை வேண்டும் என்றும் செயல்பட்டவர். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப் போன்றவர்கள் போட்ட பாதையில் இன்று பல மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனாலும், சிகிச்சைக்கு வருவதற்குள் பல தீபாவளிகள் கடந்துவிடுகின்றன.

அடுத்த தீபாவளி எந்தத் தேதி என்பது காலண்டரில் இப்போதே இருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்குக் குடிப்பழக்கம் இருந்தால், துணி எடுக்கும் நாளைக் குறிப்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்கும் நாளைக் குறித்துவிடுங்கள். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால், அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டில் தெளிவாக இருக்க வாய்ப்பு உண்டு.